சிம்னியக்கா

"அப்பா, தலையணையை இன்னும் கொஞ்சம் ஏத்தி வைக்கட்டுமா? அப்பத்தான் சிம்னி முழுசாத் தெரியும்."

பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். பக்கவாதம் அப்பாவின் வலப்பக்கத்தையும் பேச்சையும் ஒரே நாளில் வாரிக்கொண்டு போய் மூன்று வருடம் ஆகிறது. தலையணையை ஏற்றி, அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தாள். எதிரே, மூடிப்போன மில்லின் புகைபோக்கி நூற்றிருபது அடி உயரத்துக்குச் செங்கல் சிவப்பாக நின்றது. அப்பாவின் கண்ணோரம் நீர் கோத்தது.

"பாத்தீங்களா, அதைப் பாத்ததும் எப்படிக் கலங்குறாருன்னு?" என்றாள் கணவனிடம்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குதோ என்னமோ," என்றான் அவன், சட்டைப் பித்தானைத் தேடியபடி. தெருவுக்கே தைத்துக் கொடுக்கிறவள் வீட்டில் அவன் சட்டைக்கு மட்டும் பித்தான் நிற்காது. "முன்னெல்லாம் மாமா பின்னறையிலதானே படுப்பாரு?"

"அந்த இருட்டுலயா? நமக்கு நல்ல அறையை விட்டுக் குடுக்கணும்னு அங்க போய் முடங்கிக் கிடந்தாரு. நான்தான் இங்க கொண்டாந்து போட்டேன். இருபத்தெட்டு வருஷம் அந்தச் சிம்னிக்கு மேஸ்திரி. ஆளுங்களை மேல ஏத்தி, உள்ள படிஞ்ச கரியைச் சுரண்டி, உதிர்ந்த கல்லை மாத்தி, பெத்த பிள்ளை மாதிரி பாத்துக்கிட்டாரு. அதை வெடி வெச்சுத் தகர்த்தா இவரு உயிரும் அன்னிக்கே போயிடும்."

அதுதான் அவள் பயம். இடிக்கப் போவதாக நகராட்சி நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. வீடு வீடாகப் படியேறி இறங்கி முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். தைத்த துணியைக் கேட்டு வந்தவர்களிடம்கூட முதலில் கையெழுத்து, அப்புறம்தான் துணி. சிம்னியக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கிளம்பும்போது அப்பாவின் காதருகே குனிந்தாள். "இன்னிக்குத்தான் விசாரணைப்பா. எப்படியும் ஜெயிச்சுட்டு வந்துடுவேன்."

அப்பாவின் இடக்கை அவள் மணிக்கட்டை இறுகப் பற்றியது. தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் கையை எடுக்க வேண்டியிருந்தது.

"என்னமோ சொல்ல வர்றாரு," என்றான் கணவன்.

"வேற என்ன சொல்வாரு? விட்டுடாதேன்னு சொல்றாரு."

நகராட்சி அலுவலகத்தில் விசாரணை அதிகாரிக்கு நல்ல ஜலதோஷம். அந்த அம்மாள் ஒரு கையில் கைக்குட்டையும் மறுகையில் பேனாவுமாக உட்கார்ந்திருந்தார்.

"சொல்லுங்கம்மா. ஓடாத மில்லுக்கு எதுக்குச் சிம்னி?"

எழுதி வைத்து மனப்பாடம் செய்ததெல்லாம் அவளுக்கு மறந்துபோயிற்று.

"மேடம், எங்க தெருவுக்கு யாரு வழி கேட்டாலும் சிம்னிக்குக் கீழன்னுதான் சொல்வோம். பஸ்ல தூங்கிட்டு வர்றவன்கூட அதைப் பாத்துத்தான் எந்திரிப்பான். மில்லு போச்சு, வேலை போச்சு, பாதிப் பேரு ஊரை விட்டே போயிட்டாங்க. எங்களுக்கு மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். நான் பொறக்கறதுக்கு முன்னாடி அதுல ஏறின ஒருத்தரு விழுந்து உயிரையே விட்டிருக்காரு. அவரு ஞாபகத்துக்காச்சும் நிக்கட்டும்." கையெழுத்துக் கட்டை மேஜைமேல் வைத்தாள். "எங்கப்பா பேச்சில்லாம கிடக்கிறாரு. அவருக்குன்னு இருக்கிற ஒரே சந்தோஷம் அதைப் பாத்துக்கிட்டு இருக்கறதுதான் மேடம்."

அதிகாரி தும்மினார். அப்புறம் ஃபைலைப் புரட்டினார். நெடுநேரம் புரட்டுவது போல் அவளுக்குத் தோன்றியது.

"கட்டடம் உறுதியாத்தான் இருக்குன்னு இன்ஜினியர் எழுதியிருக்காரு. முந்நூறு பேர் வேணும்னு கேக்கறீங்க. அப்புறம் நான் எதுக்கு இடிக்கச் சொல்லணும்?" கையெழுத்துப் போட்டு முத்திரையை அழுத்தினார். "உத்தரவு ரத்து. இனிமே அதுமேல யாரும் கை வைக்க முடியாது."

அவள் நின்ற இடத்திலேயே அழுதுவிட்டாள். நாலு பேர் எதிரில் பெண்டாட்டியின் கையைத் தொடக் கூச்சப்படும் கணவன், அன்றைக்கு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரு சின்ன உதவி," என்றார் அதிகாரி. "இடிக்கச் சொல்லி மனு போட்டவருக்கும் முடிவைத் தெரிவிக்கணும். உங்க தெருக்காரருதான். போற வழியில குடுத்துடறீங்களா?"

"எங்க தெருவா? மில்லுக்காரங்கதானே இடிக்கச் சொன்னாங்க?"

"இல்லம்மா. மில் மூடினதுலேருந்து ஒரே ஆளுதான் எழுதிக்கிட்டே இருந்திருக்காரு. பதினாறு மனு, வருஷத்துக்கு ஒண்ணு. மூணு வருஷமா எதுவும் வரலை. எங்க ஆளுங்க ஃபைலைப் பிரிச்சதே இப்பத்தான்."

"அந்த மகராசன் யாருன்னு நானும் பாக்கறேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தபடி, உத்தரவோடு சேர்த்துக் குத்தியிருந்த கடைசி மனுவைப் பிரித்தாள்.

சிலேட்டில் அவளுக்கு அ, ஆ எழுதிக் காட்டிய அதே கையெழுத்து.

'ஐயா, மழை ஈரம் காயாத அன்று, மாட்டேன் என்று அழுதவனை அதட்டி மேலே ஏற்றிவிட்டது நான்தான். இதைப் பெற்ற மகளிடம்கூடச் சொன்னதில்லை. அந்தப் புகைபோக்கியைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அவன் விழுகிறான். தயவுசெய்து இடித்துவிடுங்கள், முடியாதென்றால், சாகும்வரை அது என் கண்ணில் படாமல் கிடக்க ஓர் இடமாவது கொடுங்கள்.'