நல்ல காலுக்கு ஒரு கட்டு

"நோகிற காலைக் காட்டிக்கிட்டுப் போனா அவளுங்க சும்மா விடுவாளுங்களா? நல்ல காலை நீட்டுடி!"

பிளாசிதா அக்கா தெரெரே என்கிற ஜில்லென்ற மூலிகைத் தண்ணீரை ஒரு உறிஞ்சு உறிஞ்சி வைத்துவிட்டு, நிமியாவின் வலது கணுக்காலைப் பிடித்து இழுத்தாள். அரெகுவா சுகாதார நிலையத்தில் நாள் முழுக்க ஊருக்கே கட்டுப் போடுகிறவள் அவள். காலுறைக்கு மேலேயே வெள்ளை கிரேப் பேண்டேஜை எட்டுப் போட்டு எட்டுப் போட்டுச் சுற்றி, பூசணிக்காய் மாதிரி ஆக்கிவிட்டாள். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து பார்த்தாலும் தெரியும். தெரியட்டும் என்றுதானே!

போன வருஷம் நிஜமாகவே ஜவ்வு கிழிந்தது இடது காலில், இன்னும் முழுசாக ஆறவில்லை. அங்கே தோல் நிறப் பிளாஸ்திரியை இழுத்து ஒட்டி, காலுறைக்குள் மறைத்தாகிவிட்டது.

அதில் இன்னொரு உதை விழுந்தால் ஆயுசுக்கும் பந்தை மறந்துவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். நிமியா தலையாட்டிவிட்டு நேராக மைதானத்துக்கு வந்துவிட்டாள். அவர்கள் பேட்டைப் பெண்கள் இறுதி ஆட்டத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை. கோல் போட அவளை விட்டால் ஆள் இல்லை. உட்கார்ந்து வேடிக்கை பார்க்க அவளால் ஆகாது, அவ்வளவுதான்.

தந்திரம் பலித்தது. ஏரிக்கரை அணிக்காரிகள் முதல் பாதி முழுக்க வலது காலையே குறிவைத்தார்கள். வலித்தது. தாங்குகிற வலிதான்.

அப்புறம் அவர்கள் ஆளை மாற்றினார்கள். உள்ளே வந்தவளைப் பார்த்ததும் நிமியா இடது காலுறையை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள்.

சுனில்தா.

போன வருஷம் வரை நிமியாவோடு ஒரே அணியில் ஆடியவள். ஜவ்வு கிழிந்த அன்று அவளை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவளும் இவள்தான். கல்யாணமாகிப் போய் ஏரிக்கரைச் சட்டையைப் போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து பேச்சுவார்த்தை இல்லை. தெருவில் எதிர்ப்பட்டால், காதில் விழட்டும் என்றே "துரோகி" என்பாள் நிமியா.

எந்தக் கால் என்று யாரை ஏமாற்றினாலும் இவளை ஏமாற்ற முடியாது.

"வெளியே வந்துடுடி!" என்று அலறினாள் பிளாசிதா அக்கா.

நிமியா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வந்த பந்தை வாங்கிக்கொண்டு கோலை நோக்கி ஓடினாள். எதிரே சுனில்தா.

"கால்லயே போடு!" ஏரிக்கரைக் கோச் தொண்டை கிழியக் கத்தினார்.

செம்மண் தூசி கிளம்ப, சறுக்கிக்கொண்டு வந்து மோதினாள் சுனில்தா.

நிமியா உருண்டு விழுந்தாள். எந்தக் காலில் பட்டது என்றே முதலில் புரியவில்லை. பயந்து பயந்து இடது காலை அசைத்துப் பார்த்தாள். அசைந்தது. உதை விழுந்திருந்தது வெள்ளைக் கட்டின் மேல். அதுவும் ஒப்புக்கு ஒரு தட்டு.

சண்டைக்காரி மாதிரி முறைத்துக்கொண்டே சுனில்தா அவள்மேல் குனிந்தாள்.

"நல்லா கத்தித் தொலைடி, எங்க கோச் பார்த்துட்டிருக்காரு."

கத்துவதற்கு வாயைத் திறந்த நிமியாவுக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது.