கதவில் இரண்டு பெயர்

குளியலறைக் குவளையில் இரண்டு டூத் பிரஷ்கள் நின்றன. டைமன் ஒன்றை விரலால் தொட்டுப் பார்த்தான். ஈரம். இன்னொன்றைத் தொடவில்லை, இதுவே போதும் என்பதுபோல் திரும்பினான்.

"தனியாத்தான் இருக்கேன்னு எழுதிக் கொடுத்திருக்கீங்க, மேடம்."

"ஆமா," என்றாள் ரென்ஸ்கே.

அவன் ஓய்வூதிய அலுவலகத்திலிருந்து சோதனைக்கு வந்தவன். அவளுக்கு முதியோர் பென்ஷன் இந்த வசந்தத்தில்தான் தொடங்கியிருந்தது. துணையோடு வாழ்கிறாள் என்று தெரிந்தால் அதில் வெட்டு விழும். வெட்டு விழுந்தால் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் இந்த வீட்டை அவளால் வைத்துக்கொள்ள முடியாது.

"அப்ப ஷேவிங் சோப்பு யாருக்கு? உங்களுக்கா?"

"கிண்டலா, தம்பி? அது யெல்லேயோடது."

"ஆக, யெல்லேன்னு ஒருத்தர் இருக்கார்."

சோப்பு காய்ந்து, வெடிப்பு விட்டுக் கிடந்தது. டைமனின் பார்வை அதற்குள் பின்கதவுக்குப் போய்விட்டது. அங்கே ஆண்கள் அளவில் ஒரு ஜோடி மரச் செருப்பு. வாசல் கதவில் இரண்டு பெயர் இருந்ததை வரும்போதே பார்த்திருந்தான்.

"சாயங்காலமானா நீங்க யாரையோ திட்டுற சத்தம் கேக்குதாம். எதிர்வீட்டம்மா சொன்ன தகவல்."

"என் ஜன்னல்ல திரையே கிடையாது. அந்தம்மா நேரா பாத்திருக்கலாமே, ஒட்டு எதுக்குக் கேக்கணும்?"

டைமன் சிரிக்கவில்லை. ஜன்னலோர நாற்காலியில் உட்காரப் போனான்.

"அதுல வேண்டாம். அது அவரோடது."

நின்றபடியே கேட்டான். "அவர் இப்ப எங்க?"

"கால்வாய்க்கு அந்தப் பக்கம். அவருக்குன்னு தனியா இடம் இருக்கு. ஞாயிறு ஞாயிறு நான்தான் போய்ப் பாப்பேன்."

இப்போது சிரித்தான். "ரெண்டு விலாசம்! இந்தத் தெருவுலயே எத்தனை பேர்கிட்ட இதைக் கேட்டுட்டேன் தெரியுமா? பிரஷ் இங்க, செருப்பு இங்க, பேரு கதவுல. விலாசம் மட்டும் அங்கயா?"

ரென்ஸ்கேயின் கை மேசை விளிம்பை இறுகப் பிடித்தது. "எங்களுக்குக் கல்யாணம் ஆகல. நகராட்சியில பதியவும் இல்ல. நோட்டரிகிட்ட ஒப்பந்தமும் எழுதிக்கல. அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு தள்ளிக்கிட்டே போனார்."

"அதெல்லாம் எங்களுக்குத் தேவையில்ல. ஒரே வீடு, ஒரே குடித்தனம். அது போதும்."

"காகிதமே இல்லேன்னாலுமா?"

"இல்லேன்னாலும்."

"அவரோட அக்கா ஒத்துக்கலேன்னாலும்?"

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அக்காவுக்கு இதுல என்ன வேலை?"

"அப்ப நான் அவருக்கு யாரு? வாய்விட்டுச் சொல்லுங்க."

அவனுக்குப் பொறுமை போய்விட்டது. "நீங்க அவரோட துணைவி, மேடம். சட்டப்படி. நீங்களே மாட்டேன்னாலும் இனி அதை மாத்த முடியாது."

அவள் கண்களை மூடித் திறந்தாள். பென்ஷனைப் பறிகொடுத்தவளின் முகம் போல அது இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க."

"எதுக்கு?"

"அவரை அடக்கம் பண்ணின அன்னிக்கு அவரோட அக்கா என்னைச் சர்ச்சுல கடைசி பெஞ்சுல உக்கார வெச்சாங்க, தம்பி."