ஒரு மண்டலம்

தட்டில் இருந்ததெல்லாம் கருப்பு.

கவுனி அரிசிப் புட்டு. கருப்பு உளுந்தங்களி. எள்ளுத் துவையல். ஓரமாக, ஊறிய கருந்திராட்சை ஏழு.

தம்ளரில் காபி இல்லை. அமுக்கராப் பொடி கலந்த பால்.

இன்று நாற்பத்தெட்டாவது நாள்.

கணவர் எதிரே நின்றார். தோளில் துண்டு, மூக்கு நுனியில் மாவு. பிள்ளைக்கு ரிசல்ட் வரும் நாளில் பள்ளிக்கூட வாசலில் நிற்கும் அப்பாவின் முகம்.

அவள் ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்று முடிக்க நேரமாகும் சாப்பாடு. யோசிக்க வசதி.

இரண்டு மாதத்துக்கு முன்பு தபால் அலுவலகக் கவுண்டரில், முத்திரைக் கட்டையைப் பிடித்தபடியே தூங்கிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் பாவம் பார்த்து எழுப்பவில்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் பயந்துபோய் அவருக்குப் போன் செய்தார்கள்.

டாக்டர் எல்லாப் பரிசோதனையும் எழுதினார். எல்லாம் சரியாக இருந்தது.

“நல்லா ரெஸ்ட் எடுங்கம்மா.”

அந்தக் கடைசி வாக்கியம் அவர் காதில் ஏறவில்லை. மனைவியின் நோய்க்கு ஒரு பெயர் இல்லாதது அவரைக் கலங்கடித்துவிட்டது. போன வருடம் ஓய்வு பெற்றவர். கையில் செல்போன். நாள் முழுக்க நேரம். மூன்றே நாளில் பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

“அட்ரினல்! கிட்னி மேல தொப்பி மாதிரி உக்காந்திருக்கு. ஒனக்கு அந்தத் தொப்பி வாடிப்போச்சு.”

ஒரு தாளில் சூடு, குளிர்ச்சி என்று இரண்டு பத்தி பிரித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். காபி, சூடு. கத்தரிக்காய், சூடு. கிட்னிக்குக் கருப்பு நல்லது. ஒரு மண்டலம் பத்தியம்.

அன்று மாலையே காபிப்பொடி டப்பா பரண் ஏறியது.

மறுநாள் நாலு மணிக்கே சமையலறையில் ஆள் நடமாட்டம். முப்பது வருடக் குடித்தனத்தில் அவர் அந்த அறைக்கு விளக்குப் போட்டு அவள் பார்த்ததில்லை. எந்த சுவிட்ச் என்று தெரியாமல் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஓடியது.

எழுந்து போனாள்.

“போய்ப் படு” என்றார். “தொப்பி!”

படுத்தாள்.

வீட்டு வேலைக்கு வரும் செங்கமலம், மேடையில் கழுவி உலர்த்தியிருந்த எள்ளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினாள்.

“வீட்ல யாருக்கும்மா திதி?”

“எனக்குத்தான்.”

முதல் சனிக்கிழமை, காக்கைக்கு ஒரு பிடி களி வைத்தாள். எள்ளுச் சோற்றுக்குப் பழகிய காக்கை. பார்த்தது. தலையைச் சாய்த்து இன்னொரு தரம் பார்த்தது. பக்கத்து வீட்டு இட்லிக்குப் போய்விட்டது.

“காக்காவே தொடலைங்க.”

“அதுக்கு அட்ரினல் நல்லா இருக்கு.”

நாற்பத்தேழு நாள், வைத்ததைத் தின்றாள்.

நேற்று அலுவலகத்தில் லிஃப்ட் ஓடவில்லை.

மூன்றாவது மாடிக்குப் போய்க் கைக்குட்டையைத் தேடும்போதுதான் தெரிந்தது. வியர்க்கவில்லை. மூச்சு வாங்கவில்லை. ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே ஏறியிருக்கிறாள்.

களியா? கவுனியா? பாலில் கலந்த அந்த மண்வாசனைப் பொடியா?

பார்சல்களுக்கு நடுவே நின்று யோசித்தாள். விடை வந்தபோது சிரிப்பும் வந்தது.

முப்பது வருடமாக நாலரைக்கு எழுந்தவள். நாற்பத்தேழு நாளாக ஆறரைக்கு எழுகிறாள்.

அவ்வளவுதான்.

இப்போது வாயில் களி. எதிரே அவர்.

‘சரியாயிடுச்சு’ என்று ஒரு வார்த்தை சொன்னால், அந்தத் துண்டு தோளிலிருந்து இறங்கிவிடும். நாளைக் காலை அவர் கையில் பேப்பர். அவள் தலைமாட்டில் நாலரை மணி அலாரம்.

ஆனால் பரணிலிருந்து காபிப்பொடியும் இறங்கும்.

நினைத்தவுடன் மூக்குக்குள் டிக்காஷன் மணத்தது. நுரை ததும்ப ஒரு தம்ளர். ஒரே ஒரு தம்ளர்.

அவள் கண்ணை மூடித் திறந்தாள்.

“இப்ப எப்படி இருக்கு?” அவர் மெதுவாகத்தான் கேட்டார். “களைப்பு போயிடுச்சா?”

அவர் விரல்களில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி. தினமும் நாலு மணிக்கு எழுந்து எழுந்து கண்ணுக்குக் கீழே வளையம். இந்த வீட்டுக் கருப்பில் அதுவும் சேர்த்தி.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது.

களியோடு சேர்த்து விழுங்கினாள்.

“நல்லா தேவலைங்க” என்றாள். “ஆனா... முழுசா போகல. அடியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு இருக்கு.”

அவர் முகம் வாடும் என்று நினைத்தாள். வாடவில்லை.

“நெனச்சேன். பழைய தொப்பி. ஒரு மண்டலத்துல எப்படிச் சரியாகும்?”

காக்கைக்கான களியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனார். அங்கிருந்து சீட்டிச் சத்தம் கேட்டது. கல்யாணமான புதிதில் கேட்டதோடு சரி.

அவள் தட்டைக் கழுவச் சமையலறைக்குள் போனாள். மேடையில் ஒரு பாத்திரம் மூடியிருந்தது. திறந்தாள்.

கருப்புக் கொண்டைக்கடலை. முளைகட்டுவதற்காக, நாளைக்கு. நாற்பத்தொன்பதாவது நாளுக்கு.

தண்ணீரைக் குடித்துக் குடித்து ஒவ்வொன்றும் இரண்டு மடங்காகியிருந்தது. நேற்று இரவே போட்டால்தான் இப்படி ஊறும்.

பால்கனியில் சீட்டி நின்றது.

மூடியைச் சத்தமில்லாமல் மூடினாள்.