யாரோட மாத்திரை?

“இது யாரோடது?”

மேனேஜர் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். ஒரு மாத்திரை அட்டை. பத்தில் நாலு காலி.

தையல் மெஷின் எல்லாம் கப்சிப். நாற்பது பெண்களும் எழுந்து நின்றார்கள்.

“பேக்கிங்ல, மடிச்ச சட்டைக்குள்ள இருந்து விழுந்திருக்கு. நல்லவேளை, பெட்டிக்குள்ள போகலை. என்ன மாத்திரைன்னு கீழ மருந்துக் கடையில கேட்டாச்சு. மாசமா இருக்கறவங்க சாப்பிடற வைட்டமினாம். யாரும்மா அந்த மகராசி?”

யார் வாய் திறப்பார்கள்? வயிறு தெரிந்தால் வேலை கிடையாது. எங்கேயும் எழுதி வைக்காத சட்டம். ஆனால் சூப்பர்வைசர் முதல் கூட்டுகிறவள் வரை எல்லாருக்கும் அதுதான். போதாக்குறைக்கு, நாளைக்குத்தான் காண்ட்ராக்ட் புதுப்பிக்கிற நாள்.

காலர் தைக்கிறவளுக்கு இது மூன்றாவது மாதம். காலையில் பாத்ரூமில் ஒளிந்து நின்று அவசரமாக ஒன்றை விழுங்கியது ஞாபகம் இருக்கிறது. அட்டையை எங்கே வைத்தாள்? மேல்கோட்டுப் பையை மெல்லத் தடவிப் பார்த்தாள். காலி.

போச்சு! புருஷன் காலை உடைத்துக்கொண்டு வீட்டில் கிடக்கிறான். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

“சொல்ற வரைக்கும் ஒருத்தரும் உட்காரக் கூடாது. சாப்பாட்டு மணியும் கிடையாது.”

கால் மணி நேரம் ஆனது. பட்டன் வைக்கிற அக்காவுக்கு மூட்டு வலி. மேஜையைப் பிடித்துக்கொண்டு நெளிந்தாள்.

“என்ன நெளியறே? நீதானா?”

“ஐயோ சார், எனக்குப் பேரனே இருக்கான்!”

“அப்ப யாருன்னு உனக்குத் தெரியும். சொல்லு. இல்லேன்னா நாளையிலேருந்து பேரனைக் கொஞ்சிக்கிட்டு வீட்டிலேயே இரு.”

அக்கா அழ ஆரம்பித்துவிட்டாள்.

காலர்காரிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தன்னால் இன்னொருத்தி பிழைப்பில் மண் விழுவதா? “சார்...” என்று ஓர் அடி எடுத்து வைத்தாள்.

“அது என்னோடது சார்!”

சொன்னது அவள் இல்லை. சூப்பர்வைசரம்மா.

அந்த அம்மாவுக்குப் பெண்கள் வைத்திருந்த பெயர் மிலிட்டரி. சிரித்துப் பார்த்தவர் கிடையாது. நேற்றுகூட, “ஒரு துணிக்கட்டைத் தூக்கத் துப்பில்ல, தள்ளிப் போ!” என்று காலர்காரியை எல்லார் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, கட்டை வேறொருத்தி தலையில் கட்டினாள்.

மேனேஜர் முழித்தார். “உங்களோடதா? உங்க வயசென்ன?”

“நாப்பத்தி நாலு. கல்யாணமாகி இருபது வருஷம். இப்பதான் தங்கியிருக்கு.”

சிரித்தார் பாருங்கள் மேனேஜர், மூச்சு முட்ட! ஹால் முழுக்கக் கொல்லென்று சிரித்தது. அழுதுகொண்டிருந்த அக்காவும் சிரித்தாள். அவ்வளவு பயத்திலும் காலர்காரிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

“முடி கொட்டுதுன்னு என் வீட்டம்மாவும் இதைத்தான் முழுங்கறா. அதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கிட்டு இப்படி ஒரு ஜோக்கா? போங்கம்மா, போய் வேலையைப் பாருங்க.”

அட்டையை மேஜையில் வீசிவிட்டுப் போனார்.

சாப்பாட்டு மணி அடித்ததும் காலர்காரி மிலிட்டரியிடம் ஓடினாள்.

“அக்கா, உங்களைப் போய் என்னென்னவோ நெனச்சேனே! எனக்காக எல்லார் முன்னாடியும் பொய் சொல்லி அவமானப்பட்டீங்களே... அந்த அட்டையைக் குடுங்கக்கா. இனிமே பத்திரமா வெச்சுக்கறேன்.”

“முதல்ல உன் சாப்பாட்டுப் பையைப் பாரு. காலையில பாத்ரூம்லேருந்து வந்து அதுலதானே சொருகினே?”

பார்த்தாள். டப்பாவுக்கு அடியில் அவளுடைய அட்டை இருந்தது.

“அப்போ... அது?”

மிலிட்டரி தன் அட்டையிலிருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து, வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள்.

“நான் உண்மையைச் சொன்னா சிரிப்பாங்கன்னு தெரியும். நீ சொன்னா நம்பிடுவாங்களே, அதான் முந்திக்கிட்டேன்.”