முதல் அடி

"முதல் அடி நீதான் அடிக்கணும் இராஜம்மா. எல்லாரையும்விட நீதான் அதிகம் அழுதவ."

வீரம்மா ஒரு விறகுக் கட்டையை அவள் கையில் திணித்தாள்.

எதிரே ரப்பர் மரத்தில் கார்த்திகேசுவைக் கட்டிப் போட்டிருந்தார்கள். தோட்டத்தில் ஆட்களிடம் வேலை வாங்கும் தண்டல் அவர். சட்டை கிழிந்து, உதட்டில் ரத்தம் உறைந்திருந்தது.

ஜப்பான்காரன் சரணடைந்துவிட்டான் என்ற சேதி அன்று காலையில்தான் கிள்ளான் பட்டணத்திலிருந்து வந்திருந்தது. வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. கேட்க ஆளில்லாத அந்த நேரத்தில் தோட்டத்து ஜனங்கள் செய்த முதல் காரியம், தண்டலை வீட்டிலிருந்து இழுத்து வந்ததுதான்.

காரணம் எல்லாருக்கும் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடிக்க ஜப்பான் சிப்பாய்கள் லோரியோடு வந்தார்கள். இராஜம்மாவின் புருஷன் பழனியப்பனும் வீரம்மாவின் புருஷன் வாசுவும் ஓடிப்போய், ரப்பர் ஷீட் உலர்த்தும் புகைக்கொட்டகையின் பரணில் ஒளிந்துகொண்டார்கள். சிப்பாய்கள் வேறெங்கும் தேடவில்லை. நேரே அங்கேதான் போனார்கள். அவர்களுக்கு முன்னால் நடந்து போனவர் கார்த்திகேசு.

இரண்டு பேரும் சயாம் காட்டில் காலரா கண்டு செத்துப் போனதாக, அங்கிருந்து தப்பி வந்த ஒருவன் சொன்னான்.

அதன்பிறகு இராஜம்மாவையும் அவள் மகள் தங்கமணியையும் விழாமல் பிடித்துக்கொண்டது பக்கத்து வீட்டு வீரம்மாதான். பிள்ளை குட்டி இல்லாதவள். இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு என்று ஆகிவிட்டது. மரவள்ளிக்கிழங்கு உரித்துக்கொண்டே இருவரும் தண்டலைச் சபிப்பார்கள். அவர் எதிரே வந்தால் இராஜம்மா காறித் துப்புவாள். அவர் ஒன்றும் சொல்லாமல் துடைத்துக்கொண்டு போவார்.

"என்னடி நிக்கிறே? ஏன் காட்டிக் கொடுத்தேன்னு கேளு அவன்கிட்ட!" கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

இராஜம்மா அவர் அருகே போனாள்.

"சொல்லுங்க தண்டலே. யாரு காட்டினது?"

"நான்தான்." தலை நிமிரவில்லை.

"என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க."

பார்த்தார். ஒரு கண் வீங்கி மூடிப் போயிருந்தது.

"நான்தான் தாயி. அடிச்சிட்டுப் போ."



இரண்டு வருஷமாக இராஜம்மா சரியாகத் தூங்கியதில்லை. கண்ணை மூடினால் அந்தப் பகல் வரும். வரும்போதெல்லாம் அதில் தண்டலின் முகத்தைக் கொண்டுவந்து வைப்பாள். அவர்தான், அவர்தான் என்று தனக்கே சொல்லிக்கொள்வாள். சொல்லிச் சொல்லி அதுவே நடந்ததுபோல் ஆகியிருந்தது. அவரைத் திட்டிய நாளில் சோறு இறங்கும். திட்டாத நாளில் இறங்காது.

இப்போது அந்த முகம் ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பொய் சொல்லிக்கொண்டிருந்தது. அவளுக்காக.

"எதுக்கு இப்படிப் பண்றீங்க?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

அவர் உதடு மட்டும் அசைந்தது. "உன் பொண்ணு நிக்குது. அது காதுல விழ வேணாம். அடி."

இராஜம்மா திரும்பிப் பார்த்தாள். தங்கமணி கூட்டத்தின் ஓரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டை கை நழுவிக் கீழே விழுந்தது.

"இவரு காட்டலே," என்றாள் இராஜம்மா. பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி இன்னொரு முறை சொன்னாள். "இவரு காட்டலே. நான் காட்டினேன்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"ஜப்பான்காரன் என் பொண்ணைப் பிடிச்சு லோரிக்கு இழுத்தான். ஆம்பளைங்க எங்கேன்னு கேட்டான். அவ முகம் மண்ணுல இழுபட்டுக்கிட்டுப் போகுது. என்னால பார்க்க முடியலே. கொட்டகையைப் பார்த்து என் கை நீண்டுருச்சு. பக்கத்துல நின்னவரு இவருதான். நான் காட்டினதைப் பார்த்தவரும் இவருதான். சிப்பாய் அவளை விட்டுட்டு, இவரை முன்னால தள்ளி நடக்கச் சொன்னான். அவ்வளவுதான். இத்தனை நாளும் இவரு வாயைத் தொறக்கலே. நானும் தொறக்கலே. என் பாவத்தை இவரு தலையில ஏத்தி, நானே துப்பிக்கிட்டும் இருந்தேன்."

சிலர் தரையைப் பார்த்தார்கள்.

தங்கமணிதான் முதலில் நகர்ந்தாள். அம்மாவைத் தாண்டிப் போனாள். மரத்துக்குப் பின்னால் குனிந்து தண்டலின் கட்டுகளை அவிழ்த்தாள். கயிறு இறுகியிருந்தது. பல்லால் கடித்து இழுத்தாள். பிறகு அவரைத் தோளில் சாய்த்து நடத்திக்கொண்டு போனாள். அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இராஜம்மா மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை. ஆனால் இத்தனை காலமும் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனதுபோல், மூச்சு மட்டும் நீளமாக வந்தது.

இனி வீரம்மா பாக்கி. எல்லாரும் அவளைத்தான் பார்த்தார்கள். வாசுவும் அதே பரணில்தான் இருந்தான்.

வீரம்மா மெல்ல நடந்து வந்தாள். இராஜம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"உன் புருஷனையும் நான்தான்க்கா அனுப்பினேன். என்னை என்ன வேணும்னாலும் பண்ணு."

அடி விழவில்லை. வீரம்மா அவள் பக்கத்தில் மண்ணில் உட்கார்ந்தாள். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் சொன்னாள்:

"கதவிடுக்கு வழியா அன்னைக்கு நானும் பார்த்தேன்டி. உன்னை வெறுத்துட்டா எனக்கு வேற யாரு இருக்கா? அதான் அந்த மனுஷனை வெறுத்தேன்."