பால் பதம்

“அது விக்கிறதுக்கு இல்லம்மா.”

ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்த அந்த அம்மாள், “தம்பி, வாசல்ல நிக்கிற அந்தக் காரு...” என்று பாதிதான் சொல்லியிருந்தார். ஒட்டிச் செய்யும் மாடல்களும் அவற்றுக்கான பெயின்ட்டும் விற்கும் கடைக்காரருக்கு மீதி தெரியும். வாசல் பக்கத்துக் கண்ணாடி அலமாரியில் அவரே ஒட்டி, அவரே பெயின்ட் அடித்து வைத்திருக்கும் சிவப்புக் கார் மாடலை விலைக்குக் கேட்காதவர்கள் இல்லை.

கடைக்காரர் நல்ல மனிதர். யாரையும் பேசி முடிக்க விடமாட்டார் என்பதைத் தவிர அவரிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் கடையில் வாடிக்கையாளர் வாயைத் திறப்பது கொட்டாவி விட மட்டும்தான் என்று அவர் மனைவி சொல்வாள்.

“அது இல்ல தம்பி, இது...” என்று அந்த அம்மாள் உள்ளங்கையை விரித்தார். நக அளவில் ஒரு பெயின்ட் பொருக்கு. பச்சையும் இல்லை, சாம்பலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே, சன்னமான வெள்ளி மினுக்கோடு.

கடைக்காரருக்கு விஷயம் நொடியில் விளங்கிவிட்டது. வீட்டில் பையன் ஆசையாகச் செய்து வைத்த காரை அம்மா தூசி தட்டும்போது இடித்துவிட்டாள். அவன் பார்ப்பதற்குள் சரிசெய்ய வேண்டும். வாரம் ஒரு அம்மாவாவது இப்படி வருவதுண்டு. அதை அவரிடமே சொல்லவும் சொன்னார்.

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார். “இடிச்சது நான்தான்” என்றார். “சரிபண்ண முடியுமா?”

அதற்குமேல் கடைக்காரரை யார் பிடிக்க முடியும்? மேசை விளக்கைப் போட்டார். சாம்பல், பச்சை, வெள்ளி என்று குப்பிகளை இறக்கினார். எங்கோ சமீபத்தில் பார்த்த நிறம்தான். எந்தப் பெட்டியில் என்றுதான் நினைவுக்கு வரவில்லை.

ஈரத்தில் நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது, காய்ந்தால் ஒரு படி கறுக்கும் என்று சொல்லிக்கொண்டே கலந்தார். பிறகு தின்னரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். இத்தனைக்கு இத்தனை என்று குப்பியில் போட்டிருக்கும் கணக்கை நம்பினால் போச்சு. பால் பதம்தான் கணக்கு.

“பால் குடிச்ச டம்ளர் எப்படி இருக்கும்? உள்பக்கம் மெல்லிசா ஒட்டிக்கிட்டு மெதுவா இறங்கும்ல? பெயின்ட்டும் கோப்பையில அப்படி இறங்கணும்மா. கெட்டியா அடிச்சா ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆயிடும்.”

ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனின் முதுகில் அடித்துக் காட்டிவிட்டு, காற்றால் பெயின்ட் தூவும் ஏர்பிரஷை அந்த அம்மாள் கையிலேயே கொடுத்தார். முதல் ஸ்பூனில் வழிந்தது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதைக் காயவைத்து எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போன அந்த அம்மாள், வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு வந்து, இன்னும் ஒரு பொட்டுப் பச்சை வேண்டும் என்றார்.

சேர்த்துப் பார்த்தால், வேண்டித்தான் இருந்தது. நிறத்தை மனதிலேயே சுமந்துகொண்டிருக்கும் கண்ணைக் கடைக்காரர் இத்தனை வருடத்தில் பார்த்ததில்லை.

நடுவில் மனைவி போன் செய்தாள். அவள் அண்ணன் மதியம் சாப்பிட வருகிறாராம். சரக்கு ஏற்ற வேண்டும் என்று கெஞ்சி வாங்கிய வண்டியைக் கையோடு திருப்பிவிட வேண்டுமாம். மச்சான் ஒரு மாதிரி. இந்தக் கடையைப் ‘பொம்மைக் கடை’ என்பார். சொத்தைக் கொடுத்தாலும் கொடுப்பாரே தவிர, வண்டிச் சாவியைக் கொடுக்கமாட்டார். நேற்று என்னவோ மனது வந்து கொடுத்திருந்தார்.

“உங்கண்ணன் வண்டிக்கு ஒண்ணும் ஆகல. எப்படிக் கொடுத்தாரோ அப்படியே கொண்டுவந்து விடுறேன்னு சொல்லு” என்று போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அந்த அம்மாளின் கை ஒரே இடத்தில் நின்றிருந்தது. பெயின்ட் ஸ்பூனைத் தாண்டி வழிந்துகொண்டிருந்தது.

“கை நிக்கக் கூடாதும்மா.”

அடுத்த ஸ்பூன் கண்ணாடி மாதிரி வந்தது. கடைக்காரர் பொருக்கை எடுத்து அதன்மேல் வைத்தார். எங்கே வைத்தோம் என்று அவரே ஒரு விநாடி தேட வேண்டியிருந்தது. நெஞ்சு நிறைந்துவிட்டது.

அந்த அம்மாள் மட்டும் மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. பொருளுக்கு உரியவர் கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“கண்டுபிடிக்கிற வரைக்கும் ஏன் இருக்கீங்க? நேரா சொல்லிடுங்க. இவ்வளவு பாடுபட்டுக் கலர் கலக்கினவங்க மேல ஒருத்தன் கோவப்பட்டா, அவன் மனுஷனே இல்லம்மா.”

“நிஜமாவா தம்பி?”

“நானா இருந்தா ஒரு வார்த்தை சொல்லமாட்டேன்.”

அந்த அம்மாள் மூச்சை விட்டுவிட்டு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். கடைக்காரர் காலிக் குப்பி ஒன்றைத் துடைத்தார். எவ்வளவு கலந்து தர வேண்டும் என்பதற்கு மாடலின் அளவு தெரிய வேண்டும். நிஜக் காரில் இருபத்துநாலில் ஒரு பங்கா, நாற்பத்துமூன்றில் ஒரு பங்கா என்று கேட்டார்.

“முழு சைஸ் தம்பி. உங்க மச்சான் வண்டிதான்.”