மூன்று சிவப்புக் கோடுகள்

இதயத் துடிப்பு தவறினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் கருவி அவளது மெலிந்த மார்பில் தோலுக்கடியில் புடைத்துத் தெரிகிறது. டெக்னீஷியன் அதன்மேல் ரீடரை வைத்ததும் திரையில் மூன்று சிவப்புக் கோடுகள் தெரிகின்றன. "மூணு தடவை ஷாக் அடிச்சிருக்கும்மா. சொல்லவே இல்லையே?" "டாக்டர்கிட்ட சொன்னேன். வெறும் படபடப்புன்னு தூக்க மாத்திரை எழுதினார்." "கடைசியா பன்னெண்டாம் தேதி, காலைல ஏழு பத்துக்கு." அவள் பக்கத்தில் நிற்கும் கணவரைப் பார்க்கிறாள். அன்று காலை அவள் கை நழுவவிட்ட டம்ளருக்காகத்தான் அவர் அறைந்தார். அவர் சட்டைக்குள்ளும் இதே கருவி இருக்கிறது. அது ஒரே ஒரு முறை ஷாக் அடித்ததற்கு ஆம்புலன்ஸ் வந்தது, சொந்தமெல்லாம் திரண்டது. அவள் ரவிக்கைப் பொத்தானைப் போடுகிறாள். அவர் சிரிக்கிறார். "எனக்கு ஒரு ஷாக்குக்கே உயிர் போயிடுச்சு. இவ மூணுக்கும் அசரலை பாருங்க. நல்ல மெஷினை இவளுக்கு வெச்சிட்டீங்க."